ஆவாரை: தோல் தொட்டியிலிருந்து வீட்டுத் தோட்டத்துக்கு

உரித்த தோலை அப்படியே போட்டுவைத்தால் இரண்டு நாளில் நாறத் தொடங்கும். அது செருப்பாகவும் சேணமாகவும் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டுமானால், அதிலுள்ள கொலாஜன் என்ற புரத இழைகளை ஏதாவது ஒரு பொருள் பிணைத்து இறுக்க வேண்டும். நுண்ணுயிர்கள் பிரித்துத் தின்ன முடியாதபடி இறுக்க வேண்டும். தமிழ்நாட்டின் தோல் தொட்டிகளில் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தது ஆவாரம்பட்டை. வறண்ட மேட்டிலும் சாலையோரத்திலும் தானாக முளைத்து, மஞ்சளாகப் பூத்து நிற்கும் அதே ஆவாரைதான். அதன் பட்டையில் ஏறக்குறைய 18 விழுக்காடு டானின் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறிய பாதி பதனிட்ட தோல்களைக் கிழக்கிந்தியத் தோல் என்று வணிகர்கள் அழைத்தார்கள். இடித்த ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளில் தோலை வாரக்கணக்கில் போட்டுவைத்து, கடைசியில் கடுக்காய் நீரில் முக்கி, எண்ணெய் தடவிக் காயவைத்து எடுத்தால் வெளிர்மஞ்சள் நிறத்தில் மெத்தென்ற தோல் கிடைக்கும். இன்றைக்கும் ‘இ.ஐ. லெதர்’ தமிழ்நாட்டின் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களில் ஒன்று. அன்று அந்தத் தோலைப் பதனிட்ட ஊர்களில் சென்னையின் தென்புறநகரான பல்லாவரமும் உண்டு.

அதே பல்லாவரத்துக்குத் தெற்கேதான் ஆவாரையின் பிழைப்பில் மண் விழுந்தது. குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் 1884-இல் காப்புரிமை பெற்றார். பட்டை வாரக்கணக்கில் செய்ததைக் குரோமியம் ஒன்றிரண்டு நாளில் செய்து முடித்தது. சென்னை கலைப் பள்ளியின் தலைவரும், சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்டவருமான ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903-ஐ ஒட்டி இந்த முறையை இங்கே சோதித்துப் பார்த்தார். கமலைக் கிணற்றில் நீர் இறைக்கும் தோல் பைக்குக் குரோம் தோல் நன்றாகப் பொருந்தியது. தண்ணீரிலேயே கிடந்தும் சீக்கிரம் மட்கவில்லை. பிறகு ஜி.ஏ. சேம்பர்ஸ் 1910-களில் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் லெதர் கம்பெனியை நிறுவினார். அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊர்தான் குரோம்பேட்டை. அதன் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது அஸ்தினாபுரம்; இங்கே பேசப்போகும் வீட்டுத் தோட்டங்கள் அந்தப் பக்கத்தவை.

பட்டைத் தோலை விடாமல் செய்தவர்களும் மெல்ல மெல்லத் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் மரப்பட்டைக்கு மாறினார்கள். அந்தப் பட்டைக்காகவே நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் தோப்புகள் விரிந்தன. இன்று சோலைக்காட்டுப் புல்வெளிகளை மூடிக்கொண்டு, வனத்துறை வெட்ட வெட்ட முளைக்கும் அன்னிய மரமாக அது நிற்கிறது. குரோமியம் விட்டுச்சென்ற கணக்கு வேறு: பாலாற்றுப் படுகையின் நீரையும் நிலத்தையும் தோல் ஆலைக் கழிவு கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-இல் கடுமையான தீர்ப்பு வழங்கியது. உள்ளூர்ப் புதர் ஒன்றைக் கைவிட்டதற்கு மலைக்காடும் ஆற்றுப்படுகையும் சேர்ந்து விலை கொடுத்திருக்கின்றன. இதை ஆவாரைக்காக வருந்துவோர் மட்டும் சொல்ல வேண்டியதில்லை. தொழில் வரலாற்றைப் படிக்கும் எவரும் காணக்கூடியது.

தொழிலிலிருந்து விலக்கப்பட்ட செடி, நிலத்திலிருந்தும் விலகத் தொடங்கியது. சென்னையின் தென்புறநகர் இயல்பில் புதர்க்காட்டு நாடு. சார்னோகைட் பாறை சிதைந்து உண்டான சரளை கலந்த மண், ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டு மிச்ச மாதங்களில் வெயில். இந்தத் தாளத்துக்கு ஏற்ற களா, காரை, சூரை, ஆவாரை எல்லாம் இங்கே தாமாக வளர்ந்தவை. அஸ்தினாபுரத்துக்கு அருகே நன்மங்கலம் காப்புக்காட்டில் அந்த நிலம் சுமார் 320 ஹெக்டேர் அளவுக்கு எஞ்சியிருக்கிறது. பழைய கல்குவாரிப் பள்ளங்களில் கொம்பன் ஆந்தை குஞ்சு பொரிக்கும் காடு அது. 1937-இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் வளாகத்திலும் அந்தப் புதர்க்காட்டின் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. செடிகொடிகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் அதன் பசுமைக்குப் பாடுபட்டவர்களில் முதன்மையானவர்.

மற்ற இடமெல்லாம் மனை. அரை கிரவுண்ட், ஒரு கிரவுண்ட் என்று அளந்த நிலத்தில் வீடு கட்டும்வரை ஆவாரையும் எருக்கும் தும்பையும் இருந்தன. ஜேசிபி வந்து ஒரு காலைப்பொழுதில் சுரண்டிவிட்டுப் போகும். பிறகு நர்சரியிலிருந்து டெகோமாவும் அலமாண்டாவும் வரும். அவையும் மஞ்சளாகத்தான் பூக்கின்றன. பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இங்கத்திய புழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அவற்றின் இலை உணவாவதில்லை. ஏன் என்ற கேள்விக்கான விடை, தோல் தொட்டியில் நடந்த அதே வேதியியலிலிருந்து தொடங்குகிறது.

டானினைச் செடி தோல்காரர்களுக்காகச் செய்யவில்லை. தன்னைத் தின்ன வருபவர்களுக்கு எதிராகச் செய்கிறது. டானின் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். தொட்டியில் கொலாஜனோடு ஒட்டினால் தோல் பதமாகிறது. விலங்கின் வயிற்றில் இலைப் புரதத்தோடும் செரிமான நொதிகளோடும் ஒட்டினால் தின்றது சரியாகச் செரிக்காது. டானினோடு வேறு கசப்பு வேதிகளும் சேர்ந்துகொள்வதால், ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய தரையில்கூட ஆவாரை மட்டும் பச்சையாக நிற்பதைக் காணலாம்.

ஆனால் பூச்சிகளுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இருந்தன. பட்டாம்பூச்சிப் புழுக்களின் நடுக்குடல் கடுமையான காரத்தன்மை உடையது. அந்தச் சூழலில் டானின் புரதத்தோடு எளிதில் ஒட்டாது. ஒவ்வொரு செடியின் மற்ற நஞ்சுகளுக்கும் தனித்தனி மாற்று வேண்டும் என்பதால், பெரும்பாலான புழுக்கள் ஒரு செடிக் குடும்பத்தையோ சில இனங்களையோ பழகிக்கொண்டு அதிலேயே நின்றுவிட்டன. பழக்கமில்லாத இலையை எடுத்து வைத்தால் பட்டினி கிடந்து சாகுமே தவிரத் தின்னாது. அன்னியச் செடி எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் அந்தப் புழுவின் கணக்கில் அது வெற்றிடம்.

ஆவாரையைப் பழகிக்கொண்டவற்றில் முக்கியமானவை ‘வெள்ளையன்’ வகைப் பட்டாம்பூச்சிகள். வெளிர்ப்பச்சை கலந்த வெள்ளைச் சிறகோடு, நிற்காமல் வேகமாகப் பறந்துபோகும் தகரை வெள்ளையனைத் தென்புறநகரில் ஆண்டு முழுவதும் பார்க்கலாம். தகரை, ஆவாரை போன்ற செடிகளின் இளந்தளிரில் தாய் ஒவ்வொரு முட்டையாக வைத்துச் செல்லும். முட்டை அரிசி நொய்யைவிடச் சிறியது, வெண்மையானது, இரு முனையும் கூம்பியது. அதிலிருந்து வரும் புழு இலையின் பச்சையிலேயே இருக்கும். பக்கவாட்டில் ஓடும் கோட்டையும் நுண்ணிய கரும்புள்ளிகளையும் குனிந்து தேடினால்தான் தெரியும். கூட்டுப்புழுவும் பச்சை. இடுப்பில் ஒரு பட்டு நூலைக் கட்டிக்கொண்டு தொங்கும். முட்டையிலிருந்து சிறகு வரை எல்லாம் வாரக்கணக்கில் முடிந்துவிடும். சரக்கொன்றையில் அதிகம் வளரும் கொன்னை வெள்ளையன் இதன் நெருங்கிய உறவு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தையொட்டித் தமிழ்நாட்டுச் சமவெளிகளைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலை நோக்கிப் பறக்கும் பட்டாம்பூச்சிக் கூட்டங்களில் இந்த வகையினரும் உண்டு.

எல்லாப் புழுவும் சிறகு பெறுவதில்லை. பெறவும் கூடாது. தையல்சிட்டு, கதிர்க்குருவி போன்ற தோட்டத்துப் பறவைகள் தம் குஞ்சுக்கு ஊட்டுவது பூச்சியும் புழுவுமே. பூவில் தேன் குடித்து வாழும் தேன்சிட்டுகூடக் குஞ்சுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சியையும் பிடித்துக்கொண்டு போகிறது. சில குளவிகள் புழுவின் உடலுக்குள்ளேயே முட்டையிடும். ஓர் ஆவாரைப் புதரின் இலை இப்படித்தான் குருவியாகிறது. பறவைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணமும் தானியமும் வைப்பவர்கள் நல்ல காரியம் செய்கிறார்கள்; ஆனால் குஞ்சு வளர்க்கும் காலத்தில் பறவை தேடுவது புழு. அதை அதிகம் தரக்கூடியது உள்ளூர்ச் செடியே.

இதே பாடத்தை வட அமெரிக்கத் தோட்டக்காரர்கள் சொலிடாகோ என்ற மஞ்சள் பூச்செடியிடம் கற்றார்கள். சென்னைப் பூக்கடைகளில் பொக்கேயின் இடைவெளியை நிரப்பச் செருகும் ‘கோல்டன் ராட்’ அதுதான். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட இந்தப் பேரினத்தின் தாயகம் பெரும்பாலும் வட அமெரிக்கா. அங்கே அது களையாக வெட்டப்பட்டது. மகரந்த ஒவ்வாமை தரும் செடி என்று பழியும் சுமந்தது. உண்மையில் காற்றில் மகரந்தத்தைப் பரப்பி மூக்கைக் கெடுப்பது அதே பருவத்தில் பூக்கும் ராக்வீட் என்ற வேறு செடி. அங்கும் இந்தச் செடியைத் தொழில் தேடி வந்தது: தாமஸ் எடிசன் 1927-க்குப் பிறகு தம் கடைசி ஆண்டுகளை இதிலிருந்து ரப்பர் எடுக்கும் முயற்சியில் செலவிட்டார். அது தொழிலாகக் கைகூடவில்லை. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட வகைப் புழுக்கள் இதன் இலையைத் தின்று வளர்கின்றன என்பதும், குளிர்காலத்துக்கு முன் தேனீக்களின் கடைசி விருந்து இதுவே என்பதும் தெரிந்த பிறகு, மக்கள் தோட்டத்தில் அதைத் தேடி நடத் தொடங்கினார்கள். அதே செடி சீனாவிலும் ஐரோப்பாவிலும் வயலையும் ஆற்றங்கரையையும் விழுங்கும் படையெடுப்புச் செடி. ஆகவே அஸ்தினாபுரத்தில் சொலிடாகோவை நடச் சொல்வது அந்த அறிவைத் தலைகீழாகப் புரிந்துகொள்வதாகும். இங்கே அந்த இடத்துக்கு உரிய செடி ஆவாரை.

இலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பூவுக்கு அநியாயம். ஆவாரை சேர்ந்த சென்னா பேரினத்துப் பூக்களின் அமைப்பு தாவரவியலில் தனி ஆர்வத்தைக் கிளப்பிய ஒன்று. ஆவாரம்பூவில் தேன் இல்லை. வருகிற பூச்சிக்குக் கூலி மகரந்தம்தான், அதையும் எளிதில் கொடுப்பதில்லை. பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து தூளைக் காட்டும். இங்கே பை மூடியே இருக்கும், நுனியில் மட்டும் சிறு துளை. மிளகுத்தூள் டப்பா மாதிரி குலுக்கினால்தான் கொட்டும். குலுக்கத் தெரிந்தவர் யார் என்றால், கருவண்டு என்று ஊரார் சொல்லும் தச்சுத் தேனீ. அது பூவை இறுகக் கட்டிக்கொண்டு, சிறகை அசைக்காமல், பறப்பதற்கான தசையை மட்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரவைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடக் கீச்சென்ற ஒலி சட்டென்று கேட்கும். கேட்ட கணத்தில் மகரந்தம் தெறித்திருக்கும். நீலப் பட்டைத் தேனீக்களுக்கும் இந்த வித்தை தெரியும். நாம் பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இது வராது. மற்றவர் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

கூர்ந்து பார்த்தால் பூவிலிருக்கும் பத்து மகரந்தத் தாள்களும் ஒரே அளவில் இல்லை. மேலே உள்ளவை சிறுத்து மலடானவை. நடுவில் உள்ளவை குட்டை. கீழே உள்ளவை நீண்டு வளைந்தவை. இந்த வேறுபாட்டைக் கண்ட ஜெர்மானிய இயற்கையியலாளர் ஹெர்மன் முல்லர் 1880-களின் தொடக்கத்தில் ஒரு விளக்கம் தந்தார்: குட்டைத் தாள் தேனீக்கு ஊட்ட, நெட்டைத் தாள் இனப்பெருக்கத்துக்கு. தேனீ குட்டைத் தாளைப் பிடித்துக் குலுக்கி உணவை எடுத்துக்கொள்ளும்போது, நெட்டைத் தாள் அதன் உடலில் கால் எட்டாத இடத்தில் தூளைப் பூசிவிடுகிறது. அடுத்த பூவின் சூலகத் தண்டு அதே இடத்தில் உரசும். சென்னா பேரினத்தின் பல இனங்களில் அந்தத் தண்டு சில பூக்களில் இடப்பக்கமும் சில பூக்களில் வலப்பக்கமும் வளைந்திருக்கும். ஒரு செடியின் மகரந்தம் வேறு செடியை அடைய இது உதவுகிறது. காலை நேரத்தில் பூத்த புதரருகே சற்று நின்றால், கருவியெதுவும் இல்லாமல் இவ்வளவையும் கண்ணாலும் காதாலும் சரிபார்க்கலாம். பள்ளிப் பாடநூலின் படத்தில் இது வராது என்பது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

வளர்ப்பதற்கு முதலில் ஆளைச் சரியாக அடையாளம் காண வேண்டும். மஞ்சள் பூவும் கூட்டிலையும் கொண்ட சென்னாக்கள் பல. சீமை அகத்தி உட்பட அவற்றில் சில அமெரிக்காவிலிருந்து வந்தவை. ஆவாரையின் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காது மடல் வடிவில் பச்சை நிற இலையடிச் செதில்கள் பெரிதாக ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் குழப்பமில்லை. சிற்றிலை இணைகளுக்கு நடுவே மெல்லிய சுரப்பிகளும் தெரியும்.

விதை கல் மாதிரி இருக்கும். நேராக மண்ணில் போட்டால் சில முளைக்கும், பல மாதக்கணக்கில் தூங்கும். நீர் புகாத மேலோடுதான் காரணம். காட்டில் வெயிலும் சரளையும் காலமும் அதைத் தேய்க்கின்றன. வீட்டில் உப்புத்தாளில் இரண்டு உரசு உரசலாம். அல்லது கொதித்து இறக்கிய நீரில் போட்டு, ஆறியபின் ஓர் இரவு ஊறவைக்கலாம். உப்பிய விதையை விதைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். ஆடி, ஆவணியில் விதைத்துப் பருவமழைக்குள் நாற்றைத் தரைக்கு மாற்றுவது நல்லது. ஆணிவேர் ஆழமாக இறங்கும் செடி என்பதால் பையில் அதிக நாள் வைத்திருக்கக் கூடாது, வேர் சுருண்டுவிடும்.

வெயில் முழுதாக விழ வேண்டும். உரம் வேண்டாம், நல்ல மண்கூட வேண்டாம். கட்டட இடிபாடு கலந்த செம்மண்ணே போதும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், சென்னா இனங்கள் பெரும்பாலும் வேர் முண்டில் நைட்ரஜன் சேர்ப்பவை அல்ல. ஏழை மண்ணில் வாழ அது வேறு வழி கற்றிருக்கிறது. இதற்கு ஆகாதது ஒன்றே: தேங்கும் நீர். மழை பெய்தால் தெருவே ஏரியாகும் தென்புறநகரில் இதைக் கவனிக்காவிட்டால் முதல் கார்த்திகையிலேயே செடி அழுகிவிடும். ஓர் அடி உயரத்துக்கு மேடு கட்டி, அதன் தலையில் நட வேண்டும். வேர் பிடித்தபின் அக்கினி நட்சத்திரத்தில்கூடத் தினமும் நீர் கேட்காது. மாடியில் வைப்போர் ஆழமான தொட்டியும் வடிகாலும் கொடுத்து, கவாத்து செய்து குட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

இலையில் ஓட்டை விழும். அதற்காகத்தான் நட்டோம் என்பதை வீட்டில் எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. இல்லையென்றால் யாராவது அக்கறையோடு மருந்து அடித்துவிடுவார்கள். வேப்பெண்ணெய் கரைசலும் புழுவைக் கெடுக்கும். ஆவாரைக்கு எதுவும் அடிக்க வேண்டியதில்லை. புழு தின்ற கிளை மறுபடி தளிர்க்கும். அடியோடு வெட்டினாலும் துளிர்த்து வரும் செடி இது. அந்தக் குணத்தால்தான் பட்டைக்கும் தழைக்கும் தொடர்ந்து வெட்டுக் கொடுத்து வந்தது. நெல் வயலில் சேற்றோடு மிதித்த தழையுரங்களில் ஆவாரந்தழையும் ஒன்று.

அக்கம்பக்கத்தில் எழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: பாம்பு வராதா? அந்தப் பயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. பாம்பைக் கூப்பிடுவது எலி, எலியைக் கூப்பிடுவது குப்பையும் செங்கல் குவியலும். அடிக்கிளைகளை முழங்கால் உயரம்வரை நீக்கி, கீழே தரை தெரியும்படி வைத்துக்கொண்டால் புதர் ஒளிவிடமாக இருக்காது. கருவண்டுக்குப் பயப்படுவோரும் உண்டு. அது கூட்டமாகத் துரத்தும் வகையல்ல. காய்ந்த மூங்கிலோ பட்டுப்போன கிளையோ ஓரமாக ஒன்று இருந்தால் அதைத் துளைத்துக் குடியேறும்.

தமிழருக்கு இந்தப் பூ புதிதல்ல. குறிஞ்சிப்பாட்டின் நீண்ட பூப் பட்டியலில் ஆவிரை இருக்கிறது. மடலேறும் தலைவன் அதை எருக்கோடு சூடியதாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. போகி நாளில் பூளைப்பூ, வேப்பிலையோடு ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. தெலங்கானாவில் பதுக்கம்மா விழாவின் பூக்கோபுரத்தில் இது முக்கியம். அங்கே தங்கேடு என்று பெயர், 2014-இல் மாநில மலராகவும் அறிவித்தார்கள். இலங்கையில் ரணவரா என்று காயவைத்துத் தேநீராகக் குடிக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கு இது மருந்து என்று பொடி விற்போர் பெருகிவிட்டனர்; மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து.

ஒரு புதரோடு நிறுத்த வேண்டியதில்லை. நாலைந்து அடி இடைவெளியில் இரண்டு ஆவாரை இருந்தால் அயல்மகரந்தச் சேர்க்கைக்கு நல்லது. ஓரத்தில் ஓர் எருக்கு நின்றால் வெந்தய வரியன் முட்டையிடும். கறிவேப்பிலை ஏற்கெனவே பல வீடுகளில் இருக்கிறது. எலுமிச்சைக் குடும்பத்தைத் தின்னும் பட்டாம்பூச்சிகளுக்கு அது போதும். தரையில் தும்பையைக் களையென்று பிடுங்காமல் விட்டால் சிறு பட்டாம்பூச்சிகளுக்குத் தேன் கிடைக்கும். ஆவாரையில் இல்லாத தேனை இவையும் மற்றவையும் ஈடுசெய்யும்.

விதைக்குக் காப்புக்காட்டுக்குள் போகக் கூடாது. அங்கே எதையும் எடுப்பது குற்றம். சொந்த ஊர் சாலையோரங்களில் பழுப்பு நிறத்தில் தட்டையாக, தாள் போலக் காய்ந்த நெற்றுகளைப் பார்க்கலாம். ஒரு நெற்றில் பன்னிரண்டு முதல் இருபது விதைகள்வரை இருக்கும். முற்றிய நெற்றில் பாதியைச் செடியிலேயே விட்டு, மீதியை உரித்து, வண்டு துளைத்தவற்றைக் கழித்துக் காகித உறையில் போட்டு, எடுத்த ஊரையும் மாதத்தையும் மேலே எழுதிவைக்கலாம். கல் போன்ற அதே மேலோட்டின் காரணமாக அடுத்த ஆடிக்கும் அதற்கடுத்த ஆடிக்கும்கூட அவை முளைக்கும்.